ஷுஹாஸ்கரீயாவில் முதல் சாப்பாடு: பச்சை அட்டையைத் திருப்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிரேசிலில் நீளக் கம்பியில் குத்தி, கரி அனலில் சுட்ட இறைச்சிக்கு ஷுஹாஸ்கு என்று பெயர். அதைப் பரிமாறும் உணவகம் ஷுஹாஸ்கரீயா. போர்த்துகீசியத்தில் இந்தச் சொல்லை எழுதும்போது ‘ர’, சொல்லும்போது ‘ஹ’. ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. நாம் போதும் என்று சொல்லும்வரை கம்பிகள் மேசைக்கு மேசை சுற்றி வந்துகொண்டே இருக்கும். இந்த முறைக்கு ஹோஜீஸியு என்று பெயர். முறை வைத்துச் சுற்றி வருவது என்று பொருள். தெற்கே ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தில் இதையே ‘ஓடும் கம்பி’ என்ற பொருளில் எஸ்பேத்து கொஹீடு என்பார்கள். அங்குள்ள புல்வெளிகளில் மாடு மேய்த்த கவுஷூக்கள் தரையில் தீ மூட்டி, இறைச்சியைக் குச்சிகளில் குத்தி, தீயைச் சுற்றி நட்டுவைத்துச் சுட்ட வழக்கம்தான் இதன் மூலம். தரைத்தீ என்று பொருள்படும் ஃபோகு ஜி ஷாவ் என்ற பெயரிலேயே 1979இல் போர்ட்டோ அலெக்ரேவில் தொடங்கிய ஒரு கடை, 1997இல் அமெரிக்காவின் டாலஸ் வரை போயிற்று.

முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். பசியோடு உட்கார்ந்த முதல் இருபது நிமிடத்தில் ரொட்டி, சாதம், தொத்திறைச்சி, கோழி என்று வந்ததையெல்லாம் வாங்கிவிடுவார்கள். எதற்காக வந்தார்களோ அந்தப் பிகான்யா என்னும் மாட்டிறைச்சித் துண்டு வரும்போது வயிற்றில் இடம் இருக்காது. அதனால் இங்கே கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம், எதை விடுவது, எதற்குக் காத்திருப்பது என்பதுதான்.

எப்போது போவது

மதிய உணவு நண்பகல் 12 மணிவாக்கில் சூடு பிடிக்கும், 3 மணிக்குள் அடங்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிரேசிலியர்கள் 8 மணிக்கு மேல்தான் வருவார்கள். ஞாயிறு மதியம் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் நிற்கும். அன்று முன்பதிவு இல்லாவிட்டால் 12 மணிக்கு முன்பே போய்விடுவது நல்லது. மற்ற நாட்களில் கூட்டம் சேர்ந்த பிறகு, ஆனால் கடை மூடுவதற்கு வெகு முன்னதாகப் போவதுதான் சரியான நேரம். ஆள் நிறைய இருந்தால் கம்பி வேகமாகக் காலியாகும், புதிது புதிதாக வரும். கடைசி அரைமணி நேரத்தில் போனால் அதே கம்பி மூன்று முறை தீக்குப் போய்த் திரும்பி, காய்ந்து வரும். காலையிலிருந்து வெந்த விலா முன்னதாகவே தீர்ந்துபோயிருக்கும்.

காலை உணவை அடியோடு விட்டுவிட வேண்டாம். பட்டினி கிடந்து வருபவர்கள்தான் முதல் பத்து நிமிடத்தில் வேகமாகத் தின்று சீக்கிரம் சோர்ந்துபோவார்கள். காலையில் ஒரு பழமும் காபியும் போதும்.

சமையலறை வாசலுக்கும் தீ மேடைக்கும் அருகில், கம்பிக்காரர்கள் வெளியே வரும் வழியில் இடம் கேளுங்கள். கடைசி மூலையில் உட்கார்ந்தால் கம்பி உங்களிடம் வரும்போது நல்ல பகுதியெல்லாம் வழியிலேயே போயிருக்கும், சூடும் ஆறியிருக்கும்.

உட்கார்ந்ததும்

மேசையில் வட்ட அட்டை ஒன்று இருக்கும். ஒரு பக்கம் பச்சை, ‘சீம், போர் ஃபவோர்’, சரி கொண்டு வாருங்கள். மறுபக்கம் சிவப்பு, ‘நாவ், ஒப்ரிகாடு’, வேண்டாம் நன்றி. நன்றி சொல்பவர் பெண்ணானால் ‘ஒப்ரிகாடா’. சில கடைகளில், குறிப்பாகத் தெற்கே, அட்டையே இருக்காது. வாயால் சொன்னால் போதும். உட்காரும்போது அட்டையைச் சிவப்பிலேயே வைத்திருங்கள். பச்சையில் விட்டுவிட்டுக் காய்கறி மேடைக்குப் போனால், திரும்பி வரும்போது உங்கள் தட்டில் நீங்கள் கேட்காத ஐந்து துண்டுகள் ஆறிக் கிடக்கும்.

அட்டை சிவப்பில் இருந்தாலும் ஒரு கம்பியைக் காட்டிக் கேட்கலாம், பெயர் சொல்லியும் கேட்கலாம். பரிமாறுபவரை ‘மோஸு’ என்று கூப்பிட்டு, ‘பிகான்யா, போர் ஃபவோர்’ என்று சொன்னால் அடுத்த சுற்றில் அது உங்கள் மேசைக்குத்தான் முதலில் வரும். இதைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். அங்கே எல்லாரும் கேட்பார்கள்.

காய்கறி மேடையில் எவ்வளவு

நடுவில் நீண்டு கிடக்கும் மேடையைப் பார்த்ததும் தட்டை நிரப்பத் தோன்றும். ஒரு சிறிய தட்டு, அதுவும் இறைச்சிக்கு ஈடுகொடுக்கும் பொருள்களாக எடுங்கள். தக்காளி, வெங்காயம், குடைமிளகாயைப் பொடியாக நறுக்கி வினிகரிலும் எண்ணெயிலும் ஊறவைத்த வினக்ரேச்சி கட்டாயம் வேண்டும். கொழுப்பு நாவில் படிந்துகொண்டே போகும்போது அந்தப் புளிப்புதான் மறுபடி சாப்பிடத் தூண்டும். பனைக்குருத்தான பால்மிட்டு இரண்டு துண்டு. கொஞ்சம் ஃபரோஃபா. இது மரவள்ளி மாவை வெண்ணெயில் வறுத்த பொடி. இறைச்சிச் சாறை இதில் தோய்த்துத் தின்பார்கள். தனியாக வாயில் போட்டால் தொண்டை அடைக்கும், அதனால் ‘என்ன ரசனையோ’ என்று முதல் வாயிலேயே ஒதுக்குபவர்கள் உண்டு. சாறு கசியும் துண்டின் ஓரத்தை அதில் ஒற்றிப் பாருங்கள்.

மேசைக்கே வந்து சேரும் பாவ் ஜி கெய்ஜு என்னும் சிறு உருண்டைகள் மரவள்ளி மாவுச் சத்திலும் பாலாடைக்கட்டியிலும் செய்தவை. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ஜவ்வு. ஜவ்வரிசி தின்று பழகிய நாக்குக்கு அந்தப் பிசுபிசுப்பு உடனே பிடித்துப்போகும், ஆபத்து அங்கேதான். சூடாக ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பொரித்த மரவள்ளி, பொரித்த வாழைப்பழம், சோளமாவுக் கட்டிகள் எல்லாம் கூடையில் தீரத் தீர வந்து நிரம்பும். சாதமும் பீன்ஸும் பிரேசிலில் எந்தத் தெருக்கடையிலும் கிடைக்கும். இங்கே அவற்றுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

பானத்தில் கவனம் தேவை. எலுமிச்சை, சர்க்கரை, கரும்புச் சாராயம் சேர்ந்த காய்பிரீன்யா ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பீர் வயிற்றை ஊதவைக்கும். மது வேண்டாதவர்கள் அமேசான் காட்டுக் கொட்டையின் பெயர் கொண்ட குவரனா பானத்தைக் கேட்கலாம், ஆனால் அதுவும் இனிப்பு, அதுவும் வாயு. தண்ணீர்தான் சிறந்தது. பானங்கள் பெரும்பாலும் அந்த ஒரே தொகைக்குள் அடங்காது.

கம்பிக்காரர் வரும்போது

கம்பியோடு சுற்றுபவருக்குப் பஸடோர் என்று பெயர். அவர் உங்கள் தட்டருகில் கம்பியின் கூர்முனையைச் சிறு தட்டிலோ கிண்ணத்திலோ ஊன்றி, செங்குத்தாக நிறுத்துவார். கத்தி மேலிருந்து கீழாக இறங்கும். உங்கள் பக்கத்தில் சிறிய இடுக்கி ஒன்று இருக்கும். துண்டு கம்பியை விட்டுப் பிரிந்து உங்கள் பக்கம் சாயத் தொடங்கும் நொடியில், அதன் மேல் ஓரத்தை இடுக்கியால் பிடியுங்கள். பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். இழுக்கக் கூடாது. கத்தி அடிவரை போகும்முன் இழுத்தால் இறைச்சி நார் நாராகக் கிழியும்; கத்தியும் வழுக்கும். கத்தி வெளியே வந்ததும் துண்டு தானாக இடுக்கியில் தொங்கும். கையால் பிடிக்க ஒருபோதும் முயல வேண்டாம், முள்கரண்டியால் குத்தவும் வேண்டாம்.

அவர் கத்தியின் முதுகால் இறைச்சியை இரண்டு தட்டுத் தட்டுவதைப் பார்ப்பீர்கள். மேலே ஒட்டியிருக்கும் கல்லுப்பு உதிரத்தான் அது. ஷுஹாஸ்குவுக்கு மசாலா கிடையாது, பெரும்பாலான துண்டுகளுக்கு சால் குரோஸு எனப்படும் பருமனான உப்பு மட்டும்தான். பரல் பெரிதாக இருப்பதால் உருகி உள்ளே முழுவதும் இறங்காது. தேவையான அளவு ஏறியதும் மிச்சத்தைத் தட்டிவிடலாம். பொடியுப்பு போட்டிருந்தால் கரித்துக் கொட்டும். மிளகாயும் மல்லியும் தேடும் நாக்கு முதலில் ஏமாறும். மூன்றாம் துண்டில் இறைச்சியின் சொந்த ருசி பிடிபடும்.

வேக்காட்டைச் சொல்ல மூன்று சொற்கள் போதும். மாவ் பஸாடு என்றால் உள்ளே நன்றாகச் சிவந்தது. ஆவ் போன்து என்றால் நடுவில் இளஞ்சிவப்பு. பேம் பஸாடு என்றால் முழுக்க வெந்தது. ஆனால் கம்பி ஒன்றே, கேட்பவர் பலர் என்பதால் இதன் சூட்சுமம் துண்டு வரும் இடத்தில் இருக்கிறது. தீயிலிருந்து நேரே வந்த கம்பியின் மேற்பரப்பு நன்றாக முறுகி வெந்திருக்கும். அந்த அடுக்கை வெட்டிய பிறகு உள்ளே சிவப்பாகத் தெரியும். பஸடோர் அதை மறுபடி உப்புத் தடவித் தீக்கு அனுப்புவார். ஆகவே நன்கு வெந்தது வேண்டுமென்றால் புதிதாக வந்த கம்பியின் முதல் வெட்டை, ஓரத் துண்டைக் கேளுங்கள். சிவப்பு வேண்டுமென்றால் ஒருவர் வெட்டி வாங்கிய அதே இடத்திலிருந்து அடுத்த வெட்டைக் கேளுங்கள். ரத்தம் போலத் தெரிவது ரத்தமல்ல, தசையில் உள்ள நிறமேறிய நீர்.

ஒரு நேரத்தில் ஒரு துண்டு. இதுதான் முழுக் கட்டுரையிலும் நாங்கள் மிக அழுத்திச் சொல்வது. பிகான்யாவின் கொழுப்பு சூடாக இருக்கும்போது நாவில் கரையும். ஐந்து நிமிடம் தட்டில் கிடந்தால் மெழுகாக உறைந்துவிடும். அப்படி உறைந்துவிட்டால் முயன்று தின்ன வேண்டாம், ‘ஒவுத்ரு பிராத்து, போர் ஃபவோர்’ என்று வேறு தட்டு கேளுங்கள், மாற்றித் தருவார்கள்.

எதை வாங்குவது, எதை விடுவது

முதலில் வருபவை பெரும்பாலும் லிங்குயிஸா என்னும் பன்றித் தொத்திறைச்சி, கோழித் தொடை, பன்றிக்கொழுப்புப் பட்டை சுற்றிய கோழித் துண்டு. இவை சீக்கிரம் வேகும், விலையும் குறைவு, வயிற்றையும் நிரப்பும். கடைக்கு இது தோதான வரிசை. லிங்குயிஸாவில் பாதி, அதற்கு மேல் வேண்டாம். கோழி இதயங்களைக் கோத்த கம்பி ஒன்று வரும், கொராஸாவ் ஜி கலீன்யா, பிரேசிலியர்களுக்கு உயிர். நம்மூரில் ஈரல், இரைப்பை வறுவல் பிடித்தவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது. மூன்று நான்கு போதும்.

பிகான்யா என்பது மாட்டின் பின்பக்கத்தில், இடுப்புக்கு மேலே தொப்பி போல் கவிந்திருக்கும் முக்கோணத் துண்டு. ஒன்று ஏறக்குறைய 1 முதல் 1.2 கிலோ இருக்கும். அதைவிடப் பெரிதாக இருந்தால் பக்கத்தில் உள்ள கடினமான தசையும் சேர்ந்து வெட்டப்பட்டிருக்கிறது என்று பிரேசில் இறைச்சிக்காரர்கள் சொல்வார்கள். ஒரு விரல் கனத்துக்கு வெள்ளைக் கொழுப்பு ஒரு பக்கம் மூடியிருக்கும். அதைப் பெரிய துண்டுகளாக்கி, கொழுப்பு வெளிப்பக்கம் வரும்படி பிறை நிலா போல வளைத்துக் கம்பியில் குத்துவார்கள். தீயில் கொழுப்பு உருகி இறைச்சியின் மேலேயே வழியும், அதனால்தான் உள்ளே ஈரம் குறையாது. கொழுப்பை ஓரமாக வெட்டி ஒதுக்குவதை விட, மெல்லிய கீற்றாக இறைச்சியோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். பூண்டு தடவிய பிகான்யாவும் சுற்றும். முதலில் வெறும் உப்புப் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு அதற்குப் போங்கள்.

பிகான்யா மயக்கத்தில் ஃப்ரவுஜீன்யாவைத் தவறவிடுவது பெரிய இழப்பு. வயிற்றுப் பக்கத்தில் உள்ள நீள நார்த் தசை அது. நாருக்குக் குறுக்கே வெட்டினால் சாறு நிறைந்து, மெல்லவும் எளிது. நாரோடு சேர்த்து நீளவாட்டில் வெட்டினால் கயிறு. பஸடோர் சரியாகத்தான் வெட்டுவார், தட்டில் நீங்கள் மறுபடி வெட்டும்போது இதைக் கவனியுங்கள். கொழுப்பு பிடிக்காதவர்களுக்கு மமீன்யா மென்மையானது. அவுகாத்ரா பெரிய கட்டியாக வரும், நல்லதுதான், ஆனால் பிகான்யா இருக்கும்போது முந்தாது. ஃபிலே மின்யோன் என்ற பெயருக்கு மயங்க வேண்டாம். கொழுப்பே இல்லாத தசை, கம்பியில் சுற்றிச் சுற்றிச் சீக்கிரம் வறண்டுவிடும்.

கொஸ்தெலா, அதாவது மாட்டு விலா, பொறுமையின் பலன். தீக்கு எட்டி, எலும்புப் பக்கம் கீழே இருக்கும்படி மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். நன்றாக வெந்த விலாவில் எலும்பைத் திருகினால் கையோடு வந்துவிடும். இழுத்தாலும் வராமல் சவ்வு ரப்பர்போல் நீண்டால் அது அவசர வேக்காடு. அடுத்த முறை வரும்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குப்பீம் என்றொரு கம்பி வரும். திமில். அதற்கு நம் பக்கத்தோடு நேரான தொடர்பு உண்டு. பிரேசிலின் இறைச்சி மாடுகளில் பெரும்பான்மையானவை நெலோரி என்ற வெள்ளை மாடும் அதன் கலப்பும். பெயர் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரிலிருந்து வந்தது. ஓங்கோல் காளைகளின் வழிவந்த இனம். 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறிய அந்த மாடுகள் வெப்பத்தையும் உண்ணிகளையும் தாங்கியதால் அங்கே பரவின. ஐரோப்பிய மாடுகளுக்குத் திமில் இல்லை, எனவே திமிலைச் சமைக்கும் வழக்கமும் அங்கிருந்து வரவில்லை. போர்த்துகீசியத்தில் குப்பீம் என்றால் கறையான். மாட்டின் முதுகில் புற்றுபோல் எழும்பி நிற்பதால் அந்தப் பெயர். தசைக்குள் கொழுப்பும் நாரும் பின்னிக் கிடப்பதால் முதலில் அலுமினியத் தாளில் சுற்றிப் பல மணிநேரம் வேகவைத்து, பிறகுதான் அனலில் முறுகவிடுவார்கள். வெண்ணெய் போலிருக்கும், திகட்டவும் செய்யும். இரண்டு மெல்லிய துண்டுக்கு மேல் யாராலும் ரசிக்க முடியாது.

மொத்தம் எவ்வளவு? வீட்டில் ஷுஹாஸ்கு வைக்கும் பிரேசிலியர்கள் ஒரு பெரியவருக்குப் பச்சை இறைச்சி 400 முதல் 500 கிராம் என்று கணக்குப் போடுவார்கள். மெல்லிய துண்டுகளாக ஒரு டஜன் வாங்கினாலே அந்த அளவை நெருங்கிவிடுவீர்கள். ஆறு துண்டு ஆனதும் அட்டையைச் சிவப்பாக்கிப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச்சேரச் சற்று நேரம் ஆகும். அந்த இடைவெளியில்தான் பலர் அளவு மீறுகிறார்கள்.

மாட்டிறைச்சியோ பன்றியோ சாப்பிடாதவர்கள்

பிரேசில் பேச்சில் கார்னி என்றால் இறைச்சிதான், ஆனால் பல நேரம் மாட்டிறைச்சியை மட்டுமே மனத்தில் வைத்துச் சொல்வார்கள். ‘கார்னி வேண்டாம்’ என்று சொன்னவருக்குக் கோழியையோ பன்றித்தொடைத் துண்டையோ கொண்டுவந்து வைப்பது குறும்பல்ல, அவர்கள் புரிந்துகொண்ட விதம். எனவே பெயர் சொல்லி மறுக்க வேண்டும். ‘நாவ் கோமு கார்னி ஜி போய்’ என்றால் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன். பன்றிக்கு, ‘போய்’ என்ற சொல்லின் இடத்தில் ‘போர்கு’. கோழி ஃப்ராங்கு, செம்மறிக் குட்டி கொர்தெய்ரு.

கம்பிகள் எல்லாம் ஒரே அனலில் வேகும், கொழுப்பு ஒன்றன்மேல் ஒன்று சொட்டும், கத்தியும் பல நேரம் பொதுவானது. ஹலால் பார்ப்பவர்கள் இதை முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும். பிரேசில் ஹலால் கோழியை ஏராளமாக ஏற்றுமதி செய்யும் நாடுதான், அதற்காக உள்ளூர்க் கடையில் தொங்குவது ஹலால் என்று பொருளாகாது. கேட்டு உறுதி செய்யாமல் நம்ப வேண்டாம்.

சைவர்கள் வாசலிலேயே மேடைச் சாப்பாட்டுக்கு மட்டும் விலை உண்டா என்று கேளுங்கள். பல கடைகள் குறைந்த விலையில் தருகின்றன. கம்பியில் சுட்டு வரும் வடகிழக்கு மாநிலங்களின் கெய்ஜு குவாலியு பாலாடைக்கட்டி அருமையாக இருக்கும். நம் பனீரைவிட உப்பு அதிகம், கடித்தால் பல்லில் கிறீச்சிடும். பீன்ஸிலும் ஃபரோஃபாவிலும் பன்றிக்கொழுப்பு கலந்திருப்பது மிகச் சாதாரணம். ‘தேம் கார்னி?’, இறைச்சி இருக்கிறதா, என்று கேட்டுவிட்டு, ‘தேம் பேக்கன்?’ என்றும் தனியாகக் கேளுங்கள்.

முடிக்கும்போது

அபகஷீ என்று ஒரு கம்பி பழுப்பும் பொன்னிறமுமாக வரும். பட்டைத் தூளும் சர்க்கரையும் தூவிச் சுட்ட அன்னாசி. நாம் போர்த்துகீசியரிடமிருந்து வாங்கிய ‘அன்னாசி’ என்ற சொல்லைப் பிரேசிலில் வழக்கத்தில் விட்டுவிட்டார்கள். கொழுப்பேறிய நாவை இதைப்போல் வேறெதுவும் கழுவித் தராது. இடையில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை வாங்கலாம். அன்னாசி இறைச்சியைச் செரிக்கவைக்கும் என்று பக்கத்து மேசைக்காரர் சொல்லக்கூடும். அதிலுள்ள புரோமெலின் நொதி புரதத்தைச் சிதைப்பது உண்மை. ஆனால் தீயின் சூடு அந்த நொதியின் வேலையைக் கெடுத்துவிடும், அதனால் ருசிக்காக மட்டும் சாப்பிடுங்கள்.

இனிப்புகளுக்குத் தனி விலை. பப்பாளியை ஐஸ்கிரீமோடு அடித்து, மேலே பிளாக்கரண்ட் பழத்தில் செய்த காசிஸ் மதுவை ஊற்றித் தரும் கிரீம் பல இடங்களில் உண்டு. இரண்டு பேர் ஒன்றைப் பகிரலாம். ஆனால் ஹோஜீஸியுவைப் பகிர முடியாது. ஒருவர் பணம் கட்டி இருவர் சாப்பிடுவதையும், மிச்சத்தைப் பொட்டலம் கட்டுவதையும் கடைகள் ஏற்பதில்லை. பிள்ளைகளுக்கு வயதைப் பொறுத்து இலவசமோ சலுகையோ இருக்கும், உட்காரும் முன்பே கேளுங்கள்.

‘அ கோன்தா, போர் ஃபவோர்’ என்றால் பில் வரும். அதில் ஆள் கணக்கு, பானம், இனிப்பு, 10 சதவீதச் சேவைத் தொகை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அந்த 10 சதவீதம் கட்டாயமில்லை, வழக்கமாக எல்லாரும் தருவது. அதற்கு மேல் தனியாக வைக்க வேண்டியதில்லை. பாட்டுக் கச்சேரி நடந்தால் அதற்கும் ஒரு சிறு தொகை சேர்ந்திருக்கும். நுழையும்போது கொமாந்தா என்ற அட்டையைக் கையில் கொடுத்திருந்தால் வெளியேறும்வரை பத்திரமாக வைத்திருங்கள். தொலைத்தால் அபராதம் கேட்பார்கள். பணம் கட்டியதும் தரும் சிறு சீட்டை வாசலில் நிற்பவரிடம் கொடுத்தால்தான் வழிவிடுவார். பல கடைகளில் அந்த வாசலருகிலேயே சிறு கோப்பைகளில் காபி வைத்திருப்பார்கள். அதற்குக் காசு கிடையாது.